பல்லைத் தொடாத மாத்திரை

“பத்து வருஷமா மாத்திரை சாப்பிடறேன். அந்தச் சூடு பல்லையே தின்னுடுச்சு.” அறுபதைத் தாண்டியவர்களிடம் பல் கூச்சம் பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி வரும் பதில் இது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சொல்பவர் தன் உடம்பைக் கவனித்துத்தான் சொல்கிறார். மாத்திரை ஆரம்பித்தார். சில மாதங்களில் வாய் வறண்டது, இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒருநாள் ஐஸ் தண்ணீர் பட்டதும் பல் சுரீரென்றது. நடந்தவற்றின் வரிசை சரிதான். நடுவில் நடந்தது என்ன என்பதில்தான் கணக்கு தப்புகிறது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் நம் அனுபவத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். மாத்திரையை நாக்கில் வைக்கிறோம், ஒரு மடக்குத் தண்ணீர், தொண்டைக்குள் போய்விட்டது. இரண்டு மூன்று விநாடி வேலை. பல மாத்திரைகளுக்கு மேலே பூச்சு வேறு இருக்கும். அது பல்லைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை. பிறகு எப்படிப் பல்லைத் தேய்க்கும்? பல்லைக் கெடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பல்லைச் சந்திப்பதே இல்லை. அவை கை வைப்பது வேறோர் இடத்தில். அந்த இடத்துக்குப் போகுமுன் பல் என்ற பொருளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்லின் வெளிப்பூச்சை எனாமல் என்கிறோம். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் வெறும் தாது: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள். கடைவாய்ப் பல்லின் முகட்டில் அதன் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். அதற்குள்ளே மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் மென்மையாக இருப்பது டென்டின். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. தோல் கிழிந்தால் மூடும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான், உடம்பு அதைத் திரும்பச் செய்வதில்லை. ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லின் எனாமலை எண்பது வயதுவரை வைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு கடினமான பொருளுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, புளிப்பு. சமையலறை மேடையில் மார்பிள் பதித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நறுக்கிய எலுமிச்சை மூடியைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்து மறந்துவிட்டால், எடுத்த இடத்தில் பளபளப்பு போய் ஒரு மங்கல் வட்டம் நிற்கும். கறை என்று நினைத்துத் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே கல்லே கரைந்திருக்கிறது. அவ்வளவு கெட்டியான கல்லை ஒரு பழச்சாறு கரைத்துவிடுகிறது. பல்லில் நடப்பதும் இதே வேதியியல்தான். அமிலம் பட்டதும் எனாமலின் மேற்பரப்பிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. இதைத்தான் பல் மருத்துவர்கள் அமிலத் தேய்மானம் என்கிறார்கள்.

சொத்தையும் இதுவும் ஒன்றல்ல. சொத்தையிலும் அமிலம்தான் வேலை செய்கிறது, ஆனால் அந்த அமிலத்தைப் பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிட்ட சர்க்கரையிலிருந்து தயாரிக்கின்றன. அதனால் ஓர் இடத்தில் குழி விழும். அமிலத் தேய்மானத்தில் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. சாப்பாட்டிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ அமிலம் நேரே வருகிறது, பல்லின் பரப்பு முழுவதும் சீராக மெலிகிறது. சொத்தைபோல் குழி விழாததால் ஆள் பல வருடம் கவனிப்பதில்லை. மருந்தால் வரும் வறட்சி இந்த இரண்டுக்குமே வழி திறக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அமிலத்தின் வீரியத்தை பிஹெச் என்ற எண்ணால் அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது, ஒவ்வோர் எண் குறைவுக்கும் பத்து மடங்கு. வாய்க்குள் பிஹெச் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் டென்டின் இன்னும் சீக்கிரமே, 6-ஐச் சற்றுத் தாண்டிய நிலையிலேயே கரைய ஆரம்பித்துவிடும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவில். கோலா பானங்களும் கிட்டத்தட்ட 2.5. இரைப்பை அமிலம் 1 முதல் 2. 5.5-க்கும் 2.5-க்கும் மூன்று எண் வித்தியாசம், அதாவது ஆயிரம் மடங்கு.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சைச் சாதம், மாங்காய் ஊறுகாய் என்று வாழ்நாள் முழுவதும் புளிப்பிலேயே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியானால் முப்பது வயதில் எல்லோருக்கும் பல் கரைந்திருக்க வேண்டுமே? பாட்டி எண்பது வயதில் முறுக்கு கடித்தாரே? நியாயமான கேள்வி. விடை எச்சிலில் இருக்கிறது.

எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. துப்புகிற பொருள் என்று அருவருப்புடன் பார்க்கிறோம். ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை அது சுரந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி. பொன்னுக்கு வீங்கி வந்தால் கன்னம் உப்புவது அந்தச் சுரப்பியால்தான். தாடைக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை போக உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் சிறு சுரப்பிகள். எச்சிலில் தாது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு உங்கள் வாயிலேயே ஆதாரம் உண்டு. கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கலாம். பற்காரை முதலில் படிவது பெரும்பாலும் அங்கேதான், ஏனென்றால் தாடைச் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியில், அந்தப் பற்களுக்குப் பக்கத்தில் திறக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியம் அழுக்கோடு சேர்ந்து அங்கே இறுகிவிடுகிறது.

ரசம் ஒரு வாய் போனதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புளிப்பு நாக்கில் பட்ட கணமே சுரப்பு பல மடங்கு கூடுகிறது. வரும் எச்சில் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து தொண்டைக்குள் தள்ளுகிறது. அதிலுள்ள பைகார்பனேட், அதாவது நாம் ஆப்பமாவில் போடும் சோடா உப்பில் இருக்கும் அதே சரக்கு, மிச்ச அமிலத்தை முறிக்கிறது. எச்சிலின் புரதங்கள் ஏற்கெனவே பல்லின்மேல் ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதால் அமிலம் நேரே எனாமலைப் பிடிக்கத் தாமதமாகிறது. எல்லாம் அடங்கியதும், மென்மையாகிப்போன பரப்பில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் படிய வைக்கிறது. எனாமல் புதிதாக வளராது என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் மென்மையான நிலையில், உதிர்ந்துபோகுமுன், அதை மறுபடி இறுக்க எச்சிலால் முடியும். இந்த இறுகலுக்கு நேரம் தேவை. அந்த நேரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை புளிக்குழம்பு நமக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். எச்சில் சுரப்பி தானாகச் சுரப்பதில்லை. நரம்பு வழியாக உத்தரவு வர வேண்டும். அந்த நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து சுரப்பியின் மேலுள்ள ஓர் இடத்தில் பொருந்தினால்தான் சுரப்பி வேலை செய்யும். உதாரணமாக, நம் சித்தப்பா இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார் என்று மருத்துவர் ஒரு மாத்திரை கொடுக்கிறார். சிறுநீர்ப்பை இறுகுவதும் இதே அசிட்டைல்கோலினால்தான். மாத்திரை போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது, சிறுநீர்ப்பை அமைதியாகிறது. ஆனால் மருந்து இரத்தத்தில்தானே ஓடுகிறது? உடம்பில் அதே இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடைக்கிறது. எச்சில் சுரப்பியில் உத்தரவு போய்ச் சேர்வதில்லை, வாய் வறள்கிறது. பல்லைத் தொடாமலே பல்லுக்கு வந்த வினை இது.

நம் ஊரில் வேலியோரம் கிடக்கும் ஊமத்தையும் இதையேதான் செய்கிறது. அதன் விதையைத் தெரியாமல் தின்ற குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால் மருத்துவர் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று காய்ந்துபோன வாய். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருட்கள் அசிட்டைல்கோலினின் இடத்தை முற்றாக அடைக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளில் பல, மிகச் சிறிய அளவில், குறிப்பிட்ட நன்மைக்காக, அதே கதவைத்தான் சாத்துகின்றன.

எந்த மாத்திரைகள்? நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இதில் முக்கியமானது. சிறுநீர்ப்பைக்கான ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனசின். பார்கின்சன் நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில். மனநோய்க்கான பல மருந்துகள், மனச்சோர்வு மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் நாமே கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், உதாரணமாக குளோர்ஃபெனிரமின். தூக்கம் வரவழைக்கிற அலர்ஜி மாத்திரை என்றால் வாயையும் வறளவைக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஃபுரோசமைடு போன்ற, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் வேறு வழியில் உடம்பின் நீரையே குறைத்து வாயை உலர்த்துகின்றன. வாய் வறட்சி உண்டாக்கும் மருந்துகளின் பட்டியல் நூற்றுக்கணக்கில் போகும், முழுதாகச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை. ஒரு மாத்திரை கொஞ்சம் வறளவைக்கும், இன்னொன்று இன்னும் கொஞ்சம். நாலைந்து மாத்திரை ஒன்றாகச் சேரும் வயதில் அந்தக் கொஞ்சங்கள் கூடிவிடுகின்றன. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் அதுவும் தன் பங்குக்கு வாயை வறளவைக்கும்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. எச்சில் கொஞ்சம் குறைந்தால் நமக்குத் தெரிவதில்லை. வழக்கமான சுரப்பு ஏறக்குறைய பாதியாக இறங்கிய பிறகுதான் பெரும்பாலோருக்கு வாய் காய்வதாகவே தோன்றுகிறது. ‘இப்பத்தான் லேசா வறட்சியா இருக்கு’ என்று சொல்கிறவரின் பற்கள் பாதிப் பாதுகாப்பில் எத்தனையோ மாதம் கழித்திருக்கக்கூடும்.

சரி, வாய் வறண்டுவிட்டது. நம் வீடுகளில் அடுத்து என்ன செய்வோம்? இங்கேதான் ‘சூடு’ வந்து சேர்கிறது. மாத்திரைச் சூடு என்று முடிவு கட்டியதும் அதைத் தணிக்க வேண்டும் என்று தோன்றும். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்போ சர்க்கரையோ போட்டு ஒரு பெரிய டம்ளர். வெயில் காலமானால் பாட்டிலில் ஊற்றி வைத்து மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வாயாக. வெளியே போனால் புளிப்பு மிட்டாய் ஒன்றை அதக்கிக்கொள்வது, எச்சில் ஊறும் என்று. உறுத்தல் தீருகிறது, வாய் ஈரமாகிறது, ‘சூடு தணிந்தது’ என்று நிம்மதி வருகிறது. ஆனால் நடந்தது என்ன? எச்சில் வற்றிப்போன வாயில், அமிலத்தை முறிக்க ஆளில்லாத நேரத்தில், 2.5 பிஹெச் உள்ள சாற்றை மணிக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். இளமையில் இதே எலுமிச்சை ஒன்றும் செய்யவில்லை. வாய் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. மாத்திரை தொடங்கி வைத்ததை, அன்போடு கலந்து கொடுத்த எலுமிச்சைச் சாறு முடித்து வைக்கிறது. பழி முழுவதும் மாத்திரையின் தலையில் விழுகிறது, சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஒரு குழப்பத்தை நீங்கள் நாலு பேருக்கு விளக்கிச் சொன்னால் பல பற்கள் பிழைக்கும்.

அப்படியானால் மோர்? அதுவும் புளிப்புதானே என்று கேட்பீர்கள். புளித்த மோரின் பிஹெச் 5.5-க்குக் கீழே நன்றாகவே இறங்கும். ஆனாலும் அது பல்லை எலுமிச்சைபோலக் கரைப்பதில்லை. பாலிலிருந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. சுற்றியுள்ள நீரில் இந்தத் தாதுக்கள் போதுமான அளவு இருந்தால் எனாமலிலிருந்து அவை வெளியேறும் வேகம் தணிந்துவிடும். தயிர் வகைகளைச் சோதித்தபோதெல்லாம் பல்லை அரிக்கும் சக்தி மிகக் குறைவு என்றே தெரிந்திருக்கிறது. ஆக, சூடு தணிக்க நம் வீடுகளில் சொல்லும் எலுமிச்சை, மோர் இரண்டில் மோர் வறண்ட வாய்க்குப் பொருந்துகிறது. சர்க்கரை போடாத மோர் குடியுங்கள். எல்லாவற்றிலும் உத்தமம் வெறும் தண்ணீர்.

கையிலிருக்கும் டீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பால் சேர்த்த டீ அமிலத் தேய்மானத்தில் பெரிய குற்றவாளி இல்லை. எலுமிச்சை பிழிந்த டீ வேறு கதை. பால் டீயில் பிரச்சினை சர்க்கரை. 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்மேல் படிந்த பாக்டீரியாப் படலத்தின் பிஹெச்சை அளந்து காட்டினார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் அது சடாரென்று இறங்கும், பழைய நிலைக்கு ஏற அரைமணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். ஏற்றிவிடுவது எச்சில். வறண்ட வாயில் அந்த ஏற்றம் தாமதமாகும். நாக்கை நனைக்க என்று ஒரு மணிக்கு ஒரு தடவை சர்க்கரை டீ குடிப்பவருக்கு, ஏறி முடிக்குமுன் அடுத்த இறக்கம் வந்துவிடும். அங்கே சொத்தை விழும்.

மருந்து பல்லைக் கெடுக்கும் முதல் வழி வறட்சி. இரண்டாவது வழி கீழேயிருந்து வருகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இறுகி மூடும் ஒரு தசை வளையம் உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின் வகை மாத்திரைகள் இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்தி வேலை செய்கின்றன. சிலருக்கு இந்த வளையத்தையும் சற்றுத் தளர்த்திவிடும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரைகளும் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினும் அப்படியே. அப்போது சாப்பிட்டது எதுக்களிக்கும், புளிச்ச ஏப்பம் வரும். இரைப்பை அமிலம் 1 முதல் 2 என்று பார்த்தோமே, அது வாய்வரை வந்தால் எலுமிச்சையே பரவாயில்லை என்றாகிவிடும். நெஞ்செரிச்சலே இல்லாமல், இரவில் படுத்திருக்கும்போது சத்தமில்லாமல் வந்துபோவதும் உண்டு. அதை முதலில் கண்டுபிடிப்பவர் பல சமயம் பல் மருத்துவர்தான். மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும், கீழ்வரிசையில் அவ்வளவு இராது. கீழ்ப்பற்களை நாக்கும், சற்றுமுன் பார்த்த தாடைச் சுரப்பியின் எச்சிலும் மூடிக் காத்துவிடுகின்றன.

அடிக்கடி வாந்தி எடுக்க வைக்கும் மருந்துகளும் இதே வழிதான். புற்றுநோய்க்கான கீமோதெரபியை எல்லோரும் அறிவோம். சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூடைட் போன்ற மருந்துகளிலும் குமட்டல், வாந்தி அறியப்பட்ட பக்கவிளைவுகளே. வாந்தி எடுத்ததும் வாய் நாறுகிறதே என்று உடனே பிரஷ்ஷை எடுப்போம். எடுக்காதீர்கள். அமிலத்தில் ஊறிய எனாமல் அந்த நேரத்தில் மென்மையாக இருக்கும், பிரஷ் அதைச் சுரண்டிக்கொண்டு போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலக்கிக் கொப்பளித்துத் துப்புங்கள், அமிலம் முறிந்துவிடும். பல் தேய்ப்பதை அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவதாக, பல்லை உண்மையிலேயே தொடும் சில மருந்துகளும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தவிர்ப்பது சுலபம். கொரோனா காலத்தில் ஆரஞ்சு சுவையுள்ள வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய்போல் சப்பினோம் அல்லவா? வைட்டமின் சி என்பதே அஸ்கார்பிக் அமிலம். இப்படிச் சப்பியே பல் அரித்துப்போன ஒருவரைப் பற்றி 1983-இலேயே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதியிருக்கிறார்கள். மூட்டுவாதத்துக்காக நிறைய ஆஸ்பிரின் சாப்பிட வேண்டியிருந்த குழந்தைகளையும் அதே காலத்தில் அமெரிக்காவில் கவனித்தார்கள். மாத்திரையைக் கடித்து மென்றவர்களின் கடைவாய்ப் பற்கள் கரைந்திருந்தன, விழுங்கியவர்களுக்கு அப்படி இல்லை. ஒரே மருந்து, ஒரே நோய், சாப்பிட்ட விதம் மட்டும் வேறு. எனக்கு மிகப் பிடித்த ஆதாரம் இதுதான், அவ்வளவு தெளிவு. விழுங்க வேண்டியதை விழுங்குங்கள். மாரடைப்பு சந்தேகத்தில் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னால் மட்டும் யோசிக்காமல் மெல்லுங்கள், ஒரு தடவை மெல்வதால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது, உயிர் பிழைக்கும்.

இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்டெராய்டு இன்ஹேலரால் வாயில் பூஞ்சைத் தொற்று வராமலிருக்க மருத்துவர்கள் ஏற்கெனவே சொல்லும் யோசனைதான், பல்லுக்கும் அதுவே நல்லது. குழந்தைகளின் சிரப்பில் சர்க்கரையோடு சிட்ரிக் அமிலமும் சேர்ந்திருப்பதுண்டு. மாதக்கணக்கில் சர்க்கரைச் சிரப் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பல் கேடு கூடுதலாக இருந்ததை 1979-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு காட்டியது. நாலு நாள் காய்ச்சல் சிரப்புக்குப் பயப்பட வேண்டாம். வலிப்புக்கோ இதயக் கோளாறுக்கோ வருடக்கணக்கில் சிரப் குடிக்கும் குழந்தையின் தாய்தான் சர்க்கரை இல்லாத வகை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் பல்லை அரிக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டெட்ராசைக்ளின் வகை மட்டும் சிறுவயதில், பல் உருவாகும் பருவத்தில் கொடுத்தால் நிறத்தை மாற்றும். தேய்க்காது.

மூன்று வழிகளும் ஒன்றுகூடும் நேரம் இரவு. தூக்கத்தில் எச்சில் சுரப்பு இயல்பாகவே மிகக் குறைந்துவிடும். தூக்கம் தரும் வறட்சி மாத்திரைகளை இரவில்தான் கொடுப்பார்கள். படுத்தால் எதுக்களிப்பு சுலபம். குழந்தைக்கோ கடைசி டோஸ் சிரப்பைத் தூக்கக் கலக்கத்தில் ஊட்டிப் படுக்கவைப்போம். ஆகவே படுக்குமுன் உள்ள பத்து நிமிடம் பல்லுக்கு நாளிலேயே முக்கியமானது. சிரப்புக்குப் பிறகு பல் தேய்த்துவிட வேண்டும், புளிப்பான சிரப்பாக இருந்தால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்துச் சற்று நேரம் விட்டுத் தேய்க்கலாம். பெரியவர்கள் இரவு உணவை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் தேய்த்துவிட்டு, நுரையைத் துப்பி, தண்ணீரால் ரொம்பக் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு இரவு முழுவதும் எனாமலை இறுக்க உதவும்.

தேய்மானத்தை எப்படி அடையாளம் காண்பது? முன்பல்லின் விளிம்பு மெலிந்து, வெளிச்சத்தில் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கடைவாய்ப் பல்லின் முகடுகளில் சின்னச் சின்னப் பள்ளம் தோன்றும். எப்போதோ அடைத்த ஃபில்லிங், சுற்றியுள்ள பல் தாழ்ந்துவிட்டதால், தூக்கலாகத் தெரியும். பல் மஞ்சளாகும், எனாமல் மெலிந்து உள்ளேயிருக்கும் டென்டினின் நிறம் தெரிவதால். இந்த மஞ்சளை அழுக்கு என்று நினைத்துத்தான் பலர் உப்பு, கரித்தூள், பல்பொடி எல்லாம் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். மிச்சமிருக்கும் எனாமலும் அதில் போகிறது. மஞ்சளான பல்லை வெளுக்க வைக்குமுன் அது ஏன் மஞ்சளானது என்று ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மென்மையான பிரஷ் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை உங்களைப் பக்கவாதத்திலிருந்து காக்கிறது. பல்லுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வாய் மிகவும் வறண்டால் மருந்து எழுதிய மருத்துவரிடமே சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், எதுவும் முடியாவிட்டால் செயற்கை எச்சில் கொடுக்கலாம். சுரப்பியைத் தூண்டும் பைலோகார்பின் என்ற மருந்தும் உண்டு, பிரேசில் நாட்டுச் செடியிலிருந்து கிடைத்தது, யாருக்கு ஏற்றது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் மிச்சமிருக்கும் சுரப்பு கூடும், மெல்லும்போது வரும் எச்சிலில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும்.

பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை என்று வாயால் சொன்னால் போதாது, எந்த வகை என்பது அட்டையில்தான் இருக்கிறது. மருந்து என்று நாம் கணக்கில் எடுக்காதவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்ஹேலர், சப்பும் வைட்டமின், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரை, அவ்வப்போது கடையில் வாங்கும் சளி மாத்திரை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் தேன் கலந்து குடிக்கும் எலுமிச்சைத் தண்ணீர். தேய்ந்த பல்லை இன்று நிறம் பொருந்த அடைத்துக் கட்டித் தருகிறார்கள், கூச்சமும் நிற்கும். ஆனால் அமிலம் வரும் வழி தெரியாமல் கட்டினால், அடைப்பின் ஓரத்திலிருந்தே பல் மறுபடி கரையத் தொடங்கும்.